முடி மாறும், உடை மாறும், தோல் நிறம் மட்டும் மாறாது! கியூர் சோலேய் யார்?

(திரையில்: இருட்டு. ஒரு பேனா முனை மட்டும் மின்னுகிறது.)

ஒரு பெண் கையில் பேனாவோடு நிற்கிறாள். பாடத் தொடங்குகிறாள். பாடிக்கொண்டே உருமாறுகிறாள். முடி நீள்கிறது, நிறம் மாறுகிறது. பள்ளிக்கூடப் பெண் போய் போர்வீராங்கனை வந்து நிற்கிறாள்.

இங்கே நிறுத்துங்கள். இந்த ஃப்ரேமைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கன்னத்தைப் பாருங்கள்.

உருமாறுவதற்கு முன்பு என்ன மாநிறமோ, அதே மாநிறம். எல்லாவற்றையும் மாற்றுகிற அந்த மந்திரம் இதை மட்டும் தொடவில்லை. இந்த ஒரு ஃப்ரேமுக்காகத்தான் இந்த வீடியோவே. வணக்கம், வாங்க!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பிரிக்யூர் என்பது டோயே அனிமேஷன் என்கிற ஜப்பானிய நிறுவனத்தின் கார்ட்டூன் தொடர் வரிசை, சாதாரணப் பெண்கள் மந்திரத்தால் போர்வீராங்கனைகளாக உருமாறும் கதைகள். 2004-ல் தொடங்கியது, ஏறக்குறைய ஆண்டுக்கொரு புதிய அணி. ஜப்பானில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குக் குழந்தைகள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். 16-வது தொடர்தான் 'ஸ்டார் ட்விங்கிள் பிரிக்யூர்', 2019 பிப்ரவரி 3-ல் ஆரம்பித்தது. அதில் வருகிறாள் அமாமியா எலேனா. உருமாறினால் கியூர் சோலேய். சோலேய் என்றால் பிரெஞ்சு மொழியில் சூரியன். அவ்வளவுதான் பின்னணி.

இப்போது எலேனாவின் வீட்டுக்குப் போவோம். அப்பா கார்லோஸ், மெக்சிகோக்காரர். அம்மா கயெடே, ஜப்பானியர், மொழிபெயர்த்துப் பேசுவது அவருடைய வேலை. ஆறு பிள்ளைகள், எலேனாதான் மூத்தவள். வீட்டோடு ஒரு பூக்கடை. கடையின் பெயர் 'சோன்ரிசா'. ஸ்பானிய மொழியில் புன்னகை என்று பொருள். இந்தப் புன்னகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, பிரிக்யூரில் கலப்புக் குடும்பத்துப் பெண் வருவது இதுதான் முதல் தடவையா என்றால், இல்லை! 2007 தொடரில் கசுகானோ உராரா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா பிரெஞ்சுக்காரர். மஞ்சள் முடி, பெரிய கண்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அவள் கலப்புக் குடும்பத்துப் பெண் என்று தோன்றவே தோன்றாது. அனிமேயில், அதாவது ஜப்பானியக் கார்ட்டூனில், பக்கத்துவீட்டுப் பெண்ணுக்கு இளஞ்சிவப்பு முடி, வகுப்புத் தோழிக்கு நீல முடி. அங்கே மஞ்சள் முடியைப் பார்த்து, இவள் அப்பா வெளிநாட்டுக்காரர் என்று யாருக்குத் தோன்றும்? அனிமேயில் முடியின் நிறம் குடும்பத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

தோல் நிறம் சொல்லும். எலேனா திரைக்குள் நுழைந்த நொடியே தெரிகிறது. அதனால்தான் 2019-ல் அவளைப் பற்றி அவ்வளவு பேச்சு. என்னைக் கேட்டால், அந்தப் பேச்சு முழுக்க முழுக்க நியாயம்.

ஏனென்று புரிய வேண்டுமானால் அதே ஆண்டு ஜனவரிக்குப் போக வேண்டும். டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா. அப்பா ஹெய்தி நாட்டவர், அம்மா ஜப்பானியர். அப்போது ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆடிக்கொண்டிருந்தார், பட்டத்தையும் வென்றார். அதே சமயத்தில் நிசின் நூடுல்ஸ் நிறுவனம் அவரை அனிமே பாத்திரமாக வரைந்து ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் அவரை வெளுப்பாக வரைந்திருந்தார்கள்! கண்டனம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்துவிட்டது.

தேதிகளைப் பாருங்கள். விளம்பரத்தை எடுத்தது ஜனவரி கடைசியில். எலேனாவின் தொடர் ஆரம்பித்தது பிப்ரவரி 3. அவள் முதன்முதலில் உருமாறிய 4-ஆம் எபிசோட் பிப்ரவரி 24. ஒரு தொடரை அவ்வளவு அவசரமாக வரைய முடியாது, ஆகவே அந்த விளம்பரத்துக்குப் பதிலடியாக எலேனா வந்தாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே நாடு, ஒரே கலை, ஒரே குளிர்காலம். ஒரு பக்கம் நிஜமான உலகச் சாம்பியனை வெளுக்க வைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் கற்பனைப் பெண்ணின் மாநிறத்தை மந்திரத்திலும் காப்பாற்றினார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்கிறது.

இன்னொன்று இருக்கிறது, இதைத் தேடிப் படித்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். எலேனாவின் அம்மா ஜப்பானியர், அப்பா மெக்சிகோக்காரர், இல்லையா? இதே வீட்டில், இதே அம்மாவுக்கு, எலேனா 1980-ல் பிறந்திருந்தால் அவளுக்குப் பிறப்பால் ஜப்பான் குடியுரிமை கிடைத்திருக்காது! அன்றைய சட்டப்படி குடியுரிமை அப்பா வழியாகத்தான் வரும். அம்மா ஜப்பானியராக இருந்தால் போதாது. 1984-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 1985 ஜனவரி 1 முதல் அம்மா வழியாகவும் வரும் என்று ஆனது.

டோயேவின் முதல் மந்திரப் பெண் சாலி தொலைக்காட்சிக்கு வந்தது 1966. அப்போது எலேனா மாதிரி ஒரு குழந்தை ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டுக்காரி. மந்திரத்துக்கு முன்னால் சட்டம் மாற வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை ஜப்பானில் 'ஹாஃபு' என்பார்கள். பாதி என்று பொருள். அது பிடிக்காத பெற்றோர் சிலர், என் பிள்ளை பாதி இல்லை, 'தபுரு', அதாவது இரட்டை என்கிறார்கள். நான் அந்தப் பெற்றோர் பக்கம். நீங்கள்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.

அப்புறம், அந்தப் புன்னகை. எலேனா எப்போதும் சிரித்த முகம். ஊரே அவளைச் சூரியன் என்கிறது. கடையில் வேலை, தம்பி தங்கைகள், பள்ளிக்கூடம், எல்லாம் சிரித்துக்கொண்டே. தம்பி தோமாவுக்கோ, நம் வீடு மற்றவர்கள் வீடு போல் இல்லையே என்று சங்கடம். அவனையும் அவள்தான் தேற்றுகிறாள்.

இவளுக்கு எதிராக வருகிற வில்லி டென்ஜோ. முகத்தில் நீண்ட மூக்கு வைத்த முகமூடி. காரணம் தெரிந்தால் மனசு கனத்துவிடும். டென்ஜோ பிறந்த கிரகத்தில் எல்லாருக்கும் நீண்ட மூக்கு, அவளுக்கு மட்டும் குட்டை மூக்கு. மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏளனம் ஒளிந்திருக்கிறது என்றே நினைத்து வளர்ந்தவள். அதனால் எலேனாவின் புன்னகையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

இந்த எதிரியை எலேனாவுக்கென்று அமைத்தவர்களைக் கைகூப்பி வணங்கலாம். தோற்றத்தில் வேறுபட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி வித்தியாசத்தை முகமூடி போட்டு மறைத்தாள். இன்னொருத்தி முகம் முழுக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிஜம்தானா, இல்லை அதுவும் ஒரு முகமூடியா என்று எலேனா தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய இடத்துக்குக் கதை அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. காலை எட்டரை மணிக்கு, குழந்தைகளுக்கான தொடரில்!

கடைசி எபிசோடில் சில ஆண்டுகள் தாண்டி வளர்ந்த எலேனாவைக் காட்டுகிறார்கள். அம்மாவின் வேலையையே அவளும் செய்கிறாள். ஒருவர் பேசப் பேச இன்னொருவருக்கு வேறு மொழியில் சொல்வது. அந்த வேலைக்கு நம்மிடம் ஒரு பழைய சொல் உண்டு: துபாஷி. இரண்டு மொழிக்காரர்.

(திரையில்: 4-ஆம் எபிசோட், அதே ஃப்ரேம், மறுபடியும். இந்த முறை நிறுத்தாமல் ஓடவிடுகிறோம்.)