மாமியார் கண்டுபிடித்த திருடன்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். அக்பரையும் அவுரங்கசீப்பையும் நடத்திய வாயால் இன்றைக்கு ஒரு கொரிய ராஜாவைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்தப் பழக்கம் எனக்கு ஒட்டியது 'டோங் யி' என்ற தொடரால். 2010இல் கொரியத் தொலைக்காட்சியில் மார்ச் முதல் அக்டோபர் வரை ஓடியது, மொத்தம் 60 பகுதி. ஐம்பதோடு முடிக்க நினைத்து, ஜனங்கள் விடாததால் பத்து கூட்டினார்கள். நான் பார்த்தது பல வருஷம் கழித்து, பணி ஓய்வுக்கு அப்புறம், மாமியாரோடு உட்கார்ந்து.

மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். நாலாவது நாள், "நீ சும்மா இரு, எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டார். நிஜமாகவே புரிந்தது. மூத்தாள், இளையாள், பிள்ளை இல்லாத குறை, பிள்ளை பெற்றவளின் அதிகாரம், காதில் ஓதும் பணிப்பெண்கள், இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு எதற்கு?

பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று கவலைப்படாதீர்கள். நாலு பேரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ராஜா சுக்ஜோங். பட்டத்து ராணி இன்ஹ்யோன், மின் குடும்பத்துப் பெண். அரண்மனைப் பணிப்பெண்ணாக வந்து ராஜாவின் மனத்தைப் பிடித்த ஜாங். நாலாவது, அரண்மனையில் தண்ணீர் தூக்கியவள் என்று வழிவழியாகச் சொல்லப்படும் சோய். இந்தச் சோய்தான் தொடரின் நாயகி டோங் யி. தொடரில் அவளுக்கு இவர் ராஜா என்று தெரியாது. ஏதோ நகரத்து அதிகாரி என்று நினைத்துக்கொண்டு, குனியச் சொல்லி, முதுகில் ஏறிச் சுவர் தாண்டுவாள். மாமியார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, கதை. ஜாங்குக்கு 1688இல் ஆண் குழந்தை பிறக்கிறது. மறுவருஷமே இன்ஹ்யோனை ராணிப் பட்டத்திலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்புகிறார் ராஜா. ஜாங் ராணியாகிறாள். 1694இல் ஜாங்கை இறக்கிவிட்டு இன்ஹ்யோனை மறுபடி அழைத்து வருகிறார். 1701இல் இன்ஹ்யோன் நோயில் இறக்கிறார். சூனியம் வைத்துக் கொன்றாள் என்ற பழி ஜாங் மேல் விழுகிறது. உயிரை விடச் சொல்கிறது அரச கட்டளை.

இன்ஹ்யோனை வீட்டுக்கு அனுப்பிய இடம் வந்தபோது நான் ஜாங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் திட்டவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவளை ஏன் வையிற? இந்த ராஜாதான் திருடன். ரெண்டையும் மோதவிட்டுட்டு கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கான் பாரு" என்றார்.

நேயர்களே, முப்பது வருஷம் வரலாறு நடத்திய எனக்கு அது உறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். மாமியார் சொன்னதுதான் சரி.

சுக்ஜோங் பட்டத்துக்கு வந்தது 1674இல், சிவாஜி முடிசூட்டிக்கொண்ட அதே வருஷம். வயது 13. பாட்டியோ அம்மாவோ திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நடத்தவில்லை, அந்த வயதிலேயே தானே ஆண்டார். அரசவையில் இரண்டு கட்சி, மேற்குக் கட்சி, தெற்குக் கட்சி. மேற்கு என்றதும் வெள்ளைக்காரர்களை நினைக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கட்சி பிரிந்தபோது ஒரு தலைவர் வீடு தலைநகரின் கிழக்கில், இன்னொருவர் வீடு மேற்கில். நம் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று பிரிந்து நிற்பதில்லையா, அப்படி. கிழக்கிலிருந்து உடைந்து வந்ததுதான் தெற்கு.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1680. தெற்குக் கட்சிதான் ஆட்சியில். தலைமை அமைச்சர் ஹோ ஜோக் வீட்டில் பெரிய விருந்து. மழை பிடித்துக்கொண்டது. ராஜாவுக்கு இரக்கம் வந்தது. "பாவம், விருந்து நனையுமே, அரண்மனையில் இருக்கும் எண்ணெய் பூசிய கூடாரத் துணியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்கிறார். ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். துணி இல்லை! எங்கே? அமைச்சர் வீட்டு ஆட்கள் ஏற்கெனவே எடுத்துப் போயாகிவிட்டது. கேட்காமல். ராஜா வீட்டுத் துணியை. நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அண்டாவைக் கேட்காமல் தூக்கி வந்தாலே என்ன பேச்சு வரும்? இது ராஜாவின் துணி. சுக்ஜோங்குக்கு அப்போது 18 வயது. படைத் தலைமையை உடனே மேற்குக் கட்சிக்காரர்களிடம் கொடுத்தார். கொஞ்ச நாளில் தெற்குக் கட்சி மொத்தமும் வீட்டுக்குப் போனது, ஹோ ஜோக்கின் உயிரும் போனது.

துணிக்காகவா ஆட்சி கவிழ்ந்தது? இல்லை, அது ஒரு சாக்கு. சுக்ஜோங்குக்கு எப்போதும் ஒரு சாக்கு கிடைக்கும். ஒரு கட்சி வளர்ந்தால் வெட்டி, மற்றதைக் கொண்டுவருவார். அது வளர்ந்தால் அதை வெட்டுவார். 1680இல் சாக்கு கூடாரத் துணி. 1689இல் சாக்கு ஜாங்கின் குழந்தை. குழந்தைக்கு வாரிசுப் பட்டம் கொடுக்க அவசரப்படாதீர்கள் என்று எழுதிய மேற்குக் கட்சியின் கிழவர் சோங் சி-யோல், எண்பது தாண்டிய பெரும் பண்டிதர், அவருக்கு விஷக் கிண்ணம். 1694இல் திரும்பவும் தலைகீழ். மின் ராணி இன்ஹ்யோனைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்று மேற்குக் கட்சிக்காரர்களைத் தெற்குக் கட்சி பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தது. ராஜாவும் தங்கள் பக்கம்தான் என்று நம்பியிருந்தார்கள். ஒரே இரவில் விசாரித்தவர்கள் எல்லாருக்கும் பதவி போனது.

இதை மறுபடி ஒருமுறை சொல்கிறேன். ராணி மாறும்போதெல்லாம் ஆட்சியும் மாறியது. இன்ஹ்யோன் மேற்குக் கட்சி வீட்டுப் பெண். ஜாங்குக்குப் பின்னால் தெற்குக் கட்சி. தொடரில் நாம் பார்ப்பது இரண்டு பெண்களின் சக்களத்திச் சண்டை. மாமியார் பார்த்தது அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை.

அந்தக் காலத்துக் கொரிய ஜனங்களும் சும்மா இல்லை. பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடினார்களாம். மினாரி நாலு பருவமும் உண்டு, ஜாங்தாரிக்கு ஒரே பருவம்தான் என்று. மினாரி என்பது தண்ணீர் ஓரத்தில் வளரும் ஒரு கீரை, மின் ராணி. ஜாங்தாரி என்பது முள்ளங்கி முற்றிப் பூவெடுக்கும் தண்டு, அதுதான் ஜாங். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1971இல் கொரியத் தொலைக்காட்சியில் ஜாங்காக நடித்தவர் யூன் யோ-ஜோங். ஐம்பது வருஷம் கழித்து, 2021இல், அவர் ஆஸ்கர் வாங்கினார். படத்தின் பெயர் 'மினாரி'! ஜாங்காக நடித்தவருக்கு எதிராளியின் கீரையில் பரிசு. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிஷம். உடைகளைப் பற்றியும் கொண்டை ஊசிகளைப் பற்றியும் பேசலாம் என்று குறிப்பு எழுதி வந்திருந்தேன், அது போகட்டும். ஒன்றை மட்டும் விட முடியாது.

ஜோசன், அதாவது இந்த ராஜாக்கள் ஆண்ட அந்தக் காலக் கொரியா, அதன் அரசவையில் வரலாறு எழுதுபவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். தன்னைப் பற்றி எழுதியதை ராஜா பார்க்கக் கூடாது. முந்தைய ராஜா ஒருவர், தேஜோங், 1404இல் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் சொன்னாராம், வரலாறு எழுதுகிறவருக்குத் தெரியக் கூடாது என்று. அவர் விழுந்ததும் எழுதப்பட்டிருக்கிறது, தெரியக் கூடாது என்று சொன்னதும் எழுதப்பட்டிருக்கிறது!

அவ்வளவு கறாரானவர்கள்தான். ஆனால் சுக்ஜோங் காலத்து வரலாற்று ஏட்டைத் தொகுத்தபோது ஆதிக்கம் யார் கையில்? மேற்குக் கட்சியிலிருந்து உடைந்த நோரோன் பிரிவின் கையில். ஜாங்குக்கு எதிரான பக்கம். வேலை முடிவதற்குள் சோரோன் என்ற எதிர்ப் பிரிவு மேலே வந்து, தங்கள் திருத்தங்களை ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒட்டவைத்தது. ஆக ஒரே ராஜாவுக்கு இரண்டு குரலில் வரலாறு. அந்த ஏட்டிலேயே ஜாங் அழகானவள் என்று எழுதியிருக்கிறது. சூனிய விஷயத்தை ராஜாவிடம் ரகசியமாகச் சொன்னது சோய்தான் என்றும் எழுதியிருக்கிறது. நம்முடைய சாதுவான டோங் யிதான்! தொடர் பார்ப்பவர்கள் அந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள்.

ஒரு விரல் காட்டுகிறார்கள். ஜாங்கின் மகன் ராஜாவானார், நாலு வருஷம். அடுத்து சோயின் மகன் யோங்ஜோ, ஐம்பது வருஷத்துக்கு மேல். ராஜாவைப் பெற்றும் ராணியாக இல்லாத அம்மாக்களுக்கு சியோலில் ஒரு வழிபாட்டு வளாகம் இருக்கிறது, ஏழு சன்னதி. ஜாங்குக்கும் அங்கே இடம், சோய்க்கும் அங்கே இடம், ஒரே மதிலுக்குள். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "அங்கயாவது பேசிக்குவாங்களா?" என்று கேட்டார்.

நேரமாகிவிட்டது. வணக்கம்.