பின்வரிசையில் நின்ற அண்ணன்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஏசி/டிசி என்னும் ஹார்ட் ராக் இசைக்குழு அரை நூற்றாண்டைத் தாண்டியும் நிலைத்திருப்பதற்குப் பெரிதும் காரணம் தனி இசையை வாசிக்கும் தம்பி ஆங்கஸ் யங்கின் லீட் கிடாரா, தாளக்கட்டைத் தாங்கும் அண்ணன் மால்கம் யங்கின் ரிதம் கிடாரா என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. தம்பிக்காகப் பேசிய நண்பர், மக்கள் காசு கொடுத்து வருவது அரைக்கால் சட்டையும் பள்ளிச் சீருடையும் அணிந்து மேடை முழுவதும் ஓடும் ஆங்கஸைப் பார்க்கத்தான் என்றார். மால்கம் வாசித்தது மூன்று கார்டுதான், அதாவது சில கம்பிகளைச் சேர்த்து மீட்டும் மூன்று சுரக்கூட்டுகள்தான், அதைப் பழகிய எவரும் வாசித்துவிடலாம் என்றார். 2014இல் மால்கம் விலகிய பிறகும் குழு தொடர்ந்து இயங்குகிறதே, அப்படியானால் அவர் இல்லாமலும் நடக்கும் என்றுதானே பொருள் என்று கேட்டு முடித்தார். இடையில், கைத்தட்டலுக்காக, மால்கம் தம்பிக்கு ‘ஒத்து ஊதினார்’ என்றும் ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

நடுவர் அவர்களே, ஒத்து ஊதுவது அவ்வளவு இளப்பமான வேலை என்று நினைப்பவர்கள், ஒரு நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு நாயனத்தை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் மால்கமைப் பொறுத்தவரை அந்த உவமையும் போதாது. ஒத்துக்காரர் கச்சேரிக்கு அழைக்கப்படுகிறவர். இங்கே கச்சேரியைக் கூட்டியவரே மால்கம். 1973ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னி நகரில் குழுவைத் தொடங்கியவர் அவர். தம்பியை அதில் சேர்த்துக்கொண்டவரும் அவர். அந்த ஆண்டின் கடைசி இரவில் சிட்னியின் செக்கர்ஸ் விடுதியில் குழு முதன்முறையாக மேடையேறியபோது அவருக்கு இருபது வயது, தம்பிக்குப் பதினெட்டு. தம்பி பெயர் வாங்கிய மேடையைப் போட்டுக் கொடுத்தது யார் என்பதை எதிரணி வசதியாக மறந்துவிட்டது.

அந்த அண்ணன் எங்கிருந்து வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1953 ஜனவரி 6ஆம் நாள், எட்டுப் பிள்ளைகள் கொண்ட ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். 1963இல் அந்தக் குடும்பம் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, சிட்னிக்கு அருகே வில்லவுட்டில் இருந்த குடியேறிகள் விடுதியில் தங்கியது. அங்கேதான் மூத்த சகோதரர் ஜார்ஜ் யங், நெதர்லாந்திலிருந்து வந்த ஹாரி வாண்டாவைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்த ஈசிபீட்ஸ் குழுவின் பாட்டு 1966இல் பிரிட்டன் வரை புகழ்பெற்றது. வீட்டு வாசலில் ரசிகைகள் கூடி நின்றதையும், சில ஆண்டுகளில் அந்தக் குழு கலைந்துபோனதையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் மால்கம். பதினைந்து வயதில் பள்ளியை விட்ட அவர், உள்ளாடைகள் தைக்கும் ஆலை ஒன்றில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்தார். குழுவுக்கு ஏசி/டிசி என்ற பெயரை அவர்களுடைய அக்கா மார்கரெட் ஒரு தையல் இயந்திரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் சொன்னார் என்பது வாதத்துக்குத் தேவையில்லாத செய்தி. இருந்தாலும் அதைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த மூன்று கார்டு விவகாரத்துக்கு வருகிறேன். நண்பர் அதைச் சொன்னபோது அவையில் சிரிப்பு எழுந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரியில் படித்த நாட்களில் இரவல் கிடார் ஒன்றை வைத்துக்கொண்டு ‘பேக் இன் பிளாக்’ பாட்டின் தொடக்கத்தை வாசித்துப் பழகினேன். அதைக் கேட்காதவர்களுக்காக விளக்குகிறேன். முதலில் டிரம்ஸின் ஹை-ஹேட் என்னும் இரட்டைத் தாளத்தட்டு நான்கு எண்ணிக்கை கொடுக்கும். அதோடு, கையால் அமுக்கப்பட்ட கிடார் கம்பியில் பிக் என்னும் மீட்டும் வில்லை உரசும் சன்னமான ஓசையும் கேட்கும். பிறகு ஈ கார்டு ஒரே ஒரு முறை. அடுத்து மௌனம். பிறகு டி கார்டு மும்முறை, மறுபடி மௌனம், ஏ கார்டு மும்முறை. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் என் விரல்கள் அதைப் பிடித்துவிட்டன. சுரத்தில் பிழையே இல்லை. ஆனால் அது அந்தப் பாட்டாக இல்லை. கார்டுகளை நான் சரியாக வாசித்தேன்; நடுவில் இருந்த மௌனங்களைத்தான் என்னால் வாசிக்க முடியவில்லை. கையிலே கிடார் இருக்கும்போது சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது கிடாரைத் தொட்டவர்களுக்குத் தெரியும். ஒரு மாத்திரைக்குள் ஓசையை எழுப்பி, அது தானாகத் தேய்ந்து போகும் முன்பே உள்ளங்கையால் வெட்டி நிறுத்தி, கேட்பவர் நெஞ்சு அடுத்த அடிக்காக ஏங்கும் நேரம் வரை பொறுத்திருந்து மறுபடி அடிக்கும் கணக்கு மால்கமின் வலது கையில் இருந்தது. பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார் துணுக்கை, அதாவது ரிஃபை, உருவாக்கியவரும் மால்கம்தான். ‘ஹைவே டு ஹெல்’ ஆல்பத்துக்கான பயணத்தின்போதே அதை வாசித்துக் காட்டி, இது தேறுமா தேறாதா என்று அண்ணன் தன்னிடம் கேட்டதாகத் தம்பி ஆங்கஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கருவியையும் கொஞ்சம் அருகில் சென்று பாருங்கள். ஹாரி வாண்டா கொடுத்த 1963ஆம் ஆண்டு கிரெட்ஷ் ஜெட் ஃபயர்பேர்ட் அது. பளபளக்கும் சிவப்பு வண்ணத்தில் வந்த அந்தக் கிடாரின் முகத்தைச் சுரண்டி வெறும் மரமாக்கினார். கம்பிகளைத் தாங்கும் அடிப்பாலத்தை ஒட்டி, கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டாதவற்றைக் கழற்றினார். கழற்றிய இடத்துக் குழியைக்கூட மூடவில்லை. மற்றவர்கள் வளைப்பதற்கு எளிதாக மெல்லிய கம்பிகளைத் தேடிய காலத்தில், விரலைப் பதம் பார்க்கும் தடித்த கம்பிகளைக் கட்டினார். ஹார்ட் ராக் என்றாலே ஆம்ப்ளிஃபையரை முழுதாகத் திருகி ஒலியைக் கரகரப்பாக்குவதுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். மால்கம் செய்தது நேர்மாறானது. ஒலி சிதையும் எல்லைக்குச் சற்று முன்பே அவர் நிறுத்திக்கொண்டார். அதனால்தான் அவர் கார்டை அடிக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. கரகரப்பு தவறுகளை மறைக்கும் போர்வை; அந்தப் போர்வை இல்லாமல் நாற்பது ஆண்டுகள் வாசித்தவரைப் பார்த்து மூன்று கார்டுக்காரர் என்று சொல்ல எதிரணி நண்பருக்குத்தான் துணிச்சல் வரும்.

அவருக்கு லீட் வாசிக்கத் தெரியாது, ஆகையால் பின்னால் நின்றார் என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். 1975இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த முதல் ஆல்பத்தில் சில பாடல்களின் தனி வாசிப்பில் மால்கமின் கையும் இருக்கிறது. பிறகு அந்தப் பொறுப்பை முழுவதுமாகத் தம்பியிடம் விட்டுவிட்டார். ராமன் காட்டுக்குப் போனபின் பரதன் பாதுகையை வைத்து ஆண்டான் என்று படித்திருக்கிறோம். இங்கே அரியணையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, நாட்டை நடத்தும் வேலையை மட்டும் அண்ணன் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

மக்கள் ஆங்கஸைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்ற வாதத்தை நான் மறுக்கப் போவதில்லை. கிப்சன் எஸ்.ஜி. கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சக் பெர்ரியின் வாத்து நடையைத் தன் பாணியில் நடந்து, தரையில் விழுந்து சுழன்றபடியே வாசிக்கும் அந்த மனிதரைப் பார்த்துக் கண் எடுக்க முடியாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவர் தரையில் கிடந்து சுழலும்போது பாட்டு எங்கே இருக்கிறது என்று யாராவது கவனித்தீர்களா? மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட சட்டையோ சாதாரண பனியனோ அணிந்த ஒருவர் இடது காலைத் தட்டியபடி நிற்பார். கூட்டாகப் பாட வேண்டிய வரி வரும்போது மட்டும் மைக் வரை முன்னே வருவார்; பாடி முடித்ததும் மறுபடி பின்னே போய்ப் பழைய இடத்தில் நிற்பார். அவரும் பாஸ் கிடார் கிளிஃப் வில்லியம்ஸும் இப்படி முன்னே வந்து பின்னே போவதை இரண்டு மணி நேரமும் பார்க்கலாம். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் ஆடும்போது எல்லோரும் அண்ணாந்து அவரைத்தான் பார்ப்பார்கள். கம்பத்தைப் பார்ப்பவர் எவரும் இல்லை. ஆனால் கம்பம் ஒரு விரற்கடை நகர்ந்தால் என்ன ஆகும் என்பது கயிற்றின்மேல் இருப்பவருக்குத் தெரியும்.

‘லெட் தேர் பி ராக்’ பதிவின்போது ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை வந்தும் ஆங்கஸ் நிறுத்தாமல் வாசித்ததை எதிரணி பெருமையாகச் சொன்னது. உண்மைதான். ஆனால் அன்று பதிவறையின் கண்ணாடிக்கு அப்பால் நின்று, நிறுத்தாதே, வாசி என்று சைகை காட்டியவர் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் யங். அங்கேயும் ஓர் அண்ணன்தான் நிற்கிறார், நடுவர் அவர்களே!

குழு கலைந்திருக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. 1980 பிப்ரவரி 19ஆம் நாள் லண்டனில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘ஹைவே டு ஹெல்’ அவர்களை அமெரிக்காவில் காலூன்ற வைத்திருந்தது. துக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பதைவிடச் சேர்ந்து பாட்டுக் கட்டலாம் என்று தம்பியை அழைத்தவர் மால்கம். பிரையன் ஜான்சன் புதிய பாடகராக வந்தார்; பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகரில் பதிவு நடந்தது; ஜூலை மாத இறுதியில், பான் இறந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், ‘பேக் இன் பிளாக்’ வெளிவந்தது. துக்கத்தின் அடையாளமாக அதன் உறை கறுப்பாக இருந்தது. அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் என்று அந்நாட்டு இசைப்பதிவுச் சங்கம் அதற்குச் சான்று அளித்திருக்கிறது. அந்தப் பாடல்களின் லீட் வாசிப்பு அருமையானது. எனினும் அந்த ஆல்பம் உருவாக வேண்டுமென்றால், முதலில் ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டியிருந்தது.

இனி எதிரணியின் வலுவான வாதம். மால்கம் போன பிறகும் குழு நடக்கிறதே என்கிறார்கள். நடக்கிறது, யாரை வைத்து நடக்கிறது? 1988இல் குடிப்பழக்கத்திலிருந்து மீள வேண்டும் என்று மால்கம் தாமாகவே அமெரிக்கப் பயணத்திலிருந்து விலகி நின்றபோது, அவர் இடத்துக்கு வந்தவர் மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி யங். மால்கமைவிட ஏறத்தாழ நான்கு வயது இளையவரான இந்த அண்ணன் மகன், சித்தப்பாவின் வாசிப்பை அடி பிசகாமல் வாசித்ததால், ஆள் மாறியதையே ரசிகர்கள் பலர் கவனிக்கவில்லை. 2014இல் மறதிநோய் காரணமாக மால்கம் நிரந்தரமாக விலகியபோதும் அதே ஸ்டீவிதான் வந்தார். உலகில் எத்தனையோ திறமையான கிடார் கலைஞர்கள் இருக்க, மால்கம் மாதிரியே வாசிக்கக்கூடிய ஒருவரைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே தேடிப் பிடித்தார்கள் என்றால், காலியானது சாதாரண நாற்காலி இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. மால்கம் இறந்து மூன்றாண்டுகள் கழித்து, 2020 நவம்பரில் ‘பவர் அப்’ வெளிவந்தது. அதிலுள்ள பன்னிரண்டு பாடல்களையும் ஆக்கியவர்கள் என்று அச்சிடப்பட்டிருப்பது இரண்டே பெயர்கள்: ஆங்கஸ் யங், மால்கம் யங். அண்ணனும் தம்பியும் முன்பு சேர்த்து வைத்திருந்த ரிஃபுகளிலிருந்து கட்டப்பட்ட ஆல்பம் அது. மால்கம் இல்லாமலும் நடக்கிறது என்று சொல்வதற்கு எதிரணி காட்டும் குழு, மால்கமின் சேமிப்பிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

லீட் கிடாரின் மன்னர் என்று எதிரணியே தன் பேச்சில் இருமுறை பெயர் சொன்ன எடி வான் ஹேலன், மால்கம் மறைந்தபோது அவரை ஏசி/டிசியின் இதயம் என்றும் ஆன்மா என்றும் குறிப்பிட்டார். அவர்கள் கூட்டி வந்த சாட்சியே நம் பக்கம் பேசிவிட்டபின் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் உட்கார மாட்டேன்.

2008இல் ‘பிளாக் ஐஸ்’ ஆல்பத்துக்கான உலகப் பயணம் தொடங்கியபோதே மால்கமின் நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் கை வழியே பிறந்து தன் கைக்குள்ளேயே வாழ்ந்த பாட்டுகளை, மேடையேறும் முன் அவர் மறுபடி உட்கார்ந்து பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. தான் உண்டாக்கிய ரிஃபையே புதிதாகக் கற்று, மாலையில் பல்லாயிரம் பேர் முன்னால் பின்வரிசையில் நின்று வாசித்து, மறுநாள் மறுபடி கற்றார். அப்படியே 2010 ஜூன் மாதம் ஸ்பெயினின் பில்பாவ் நகரில் நடந்த கடைசிக் கச்சேரி வரை பயணத்தை முடித்துக் கொடுத்தார். பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவர்கள் ஆங்கஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2017 நவம்பர் 18ஆம் நாள், அறுபத்து நான்கு வயதில் மால்கம் காலமானார். அண்ணன் ஜார்ஜ் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிட்னியின் புனித மரியன்னை பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. வாழ்நாள் முழுதும் மேடையில் ஓடியே பழகிய ஆங்கஸ், அன்று வண்ணம் சுரண்டப்பட்ட அந்தப் பழைய கிரெட்ஷ் கிடாரைக் கையில் ஏந்தி மெல்ல நடந்து வந்தார்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.