புண்படுத்தும் பிரசுரத்துக்கு என்ன பதில்?

அவையோருக்கு வணக்கம்.

தெருவில் யாரோ நம் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணிக்கிறார். நாம் கும்பிடும் தெய்வத்தை அது பேய் என்கிறது. அந்தத் தாளை என்ன செய்வது? காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கடைசி வரி வரை படித்துவிட்டு எழுத்தாலேயே பதில் கொடுங்கள். இதுதான் என் கட்சி.

1938 ஏப்ரல். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் காசியஸ் தெரு. அந்த வட்டாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கத்தோலிக்கர்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த நியூட்டன் கேன்ட்வெல் தம் இரு மகன்களுடன் வீடு வீடாகப் போகிறார். புத்தகப் பையோடு, தூக்கிச் செல்லும் கிராமபோன் பெட்டியும் உண்டு. மகன் ஜெஸ்ஸி வழியில் இருவரை நிறுத்தி, ஓர் இசைத்தட்டைப் போடலாமா என்று கேட்கிறார். சரி என்கிறார்கள். தட்டு சுழலச் சுழலக் கத்தோலிக்கத் திருச்சபை மீது வசை பொழிகிறது. கேட்ட இருவருமே கத்தோலிக்கர்கள். ரத்தம் கொதிக்கிறது. இங்கிருந்து போய்விடு, இல்லையென்றால் அடி விழும் என்கிற நிலை. ஜெஸ்ஸி பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். அதற்கும் வழக்கு, தண்டனை.

1940 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஒருமனதாக ரத்து செய்தது. ஜெஸ்ஸி யாரையும் மிரட்டவில்லை, கை ஓங்கவில்லை, எதிரே நின்றவரைத் தனிப்பட ஏசவில்லை என்று நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். அதே தீர்ப்பின் இன்னொரு பகுதிதான் எனக்குப் பெரிது. நன்கொடை திரட்ட முன் அனுமதி வேண்டும், அது உண்மையிலேயே மதப் பணியா என்பதை ஓர் அதிகாரி முடிவு செய்வார் என்றிருந்த மாநில விதியும் செல்லாது என்றார்கள். எது மதம், எது மதமில்லை என்று சொல்லும் உரிமையை ஓர் அலுவலருக்குக் கொடுத்தால், நாளை அவர் முன்னால் மனுவோடு நிற்கப்போவது நாம்தான்.

கனடாவின் கியூபெக்கில் ஆட்சியாளர்கள் வேறு வழியில் போனார்கள். இதே சபையினர் 1946இல் அங்கிருந்த திருச்சபையையும் அரசையும் சாடி ஒரு பிரசுரம் வெளியிட்டார்கள். மாகாணப் பிரதமர் டூப்ளெஸ்ஸி கைதுகளோடு நிற்கவில்லை. கைதான சபையினருக்கு ஜாமீன் கொடுத்தார் என்பதற்காக, மான்ட்ரியாலில் உணவகம் நடத்திய பிராங்க் ரொன்கரெல்லியின் மதுபான உரிமத்தையே ரத்து செய்ய வைத்தார். அந்த மனிதர் செய்தது ஜாமீன் கொடுத்தது மட்டுமே. அவருக்கு உச்ச நீதிமன்றத்தில் நீதி கிடைக்க 1959 ஆயிற்று.

அப்படியானால் புண்பட்டவர்கள் வாய் மூடி இருப்பதா? கூடவே கூடாது. இங்கேதான் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை நினைக்கிறேன். மிஷன் அச்சகங்கள் சைவத்தை இழித்துப் பிரசுரங்களை ஊரெங்கும் பரப்பிய காலம் அது. நாவலரோ மெதடிஸ்ட் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்ற அவருடைய மறுப்பு நூல் வெளிவந்தது.

அதில் அவர் எதிராளியின் வேதத்தையே விரித்து வைக்கிறார். பழைய ஏற்பாட்டில் யெகோவாவுக்கு ஆலயம் உண்டு, பலிபீடம் உண்டு, விளக்கும் தூபமும் காணிக்கையும் உண்டு, தீட்டும் சுத்தியும் உண்டு. அங்கே அவை தேவ கட்டளையென்றால் இங்கே மட்டும் எப்படி அஞ்ஞானமாகும் என்பது அவருடைய வாதம். இப்படி வாதாட, பலி முறைகளைச் சொல்லும் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தை வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். கோபம் அவருக்கும் இருந்தது. நடை பல இடங்களில் சுடும். ஆனாலும் கோபம் படிப்பைத் தின்றுவிடவில்லை.

அதே நாவலர் வள்ளலாரின் பாடல்களை அருட்பா அல்ல, மயக்கம் தரும் மருட்பா என்று எதிர்த்த பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறியது. அங்கே எதுவும் தீரவில்லை. கண்டன நூல்கள் பிறகும் வெகுகாலம் வந்துகொண்டேயிருந்தன. நாவலரின் பலம் அச்சகத்தில் இருந்தது, நீதிமன்றத்தில் இல்லை என்பது என் மதிப்பீடு.

இன்றைக்கு வருவோம். யெகோவாவின் சாட்சிகள் சபை ரத்தம் ஏற்றிக்கொள்வதை 1945 முதல் தடுத்து வருகிறது. இதைப் பற்றி மென்று விழுங்கக் கூடாது. மருத்துவர்கள் பேச வேண்டும். சபையிலிருந்து வெளியேறியவர்கள் எழுத வேண்டும். அவற்றை நாம் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். மறுப்பு எழுதுகிறவர் முதலில் அவர்களுடைய கொள்கையை, அவர்களே படித்தால் ஆமாம் இதுதான் என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டுப் பிறகு மறுக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927இல் வந்த 295ஏ பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 299, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு மதத்தை இழிவுபடுத்துவதைத்தான் குற்றமாக்குகிறது. அந்த நிபந்தனைகளைப் புகார் எழுதும் அவசரத்தில் நாம் மறந்துவிடுகிறோம். ஆளை அடி, வீட்டைக் கொளுத்து என்று ஒரு பிரசுரம் தூண்டினால் காவல் நிலையம் போங்கள், நானும் உடன் வருகிறேன். மற்றப் பிரசுரங்களை இங்கே கொண்டுவாருங்கள். ஒரு வாசிப்புக் குழு அமைத்துப் பதில் எழுதுவோம். அவற்றை வெளியிட்டவர்களில் ஒருவரையும் இதே மேடைக்கு அழைப்போம். அவர் பேசி முடித்ததும் நம் கேள்விகளை நேருக்கு நேர் கேட்போம்.