முதுகுத் தசைக்கு அடியில் போடும் விறைப்பு ஊசி

வணக்கம். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களுக்கும், துணைக்கு நிற்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பேச்சு. பனையால் விழுந்தவர், மூட்டை தூக்கி டிஸ்க் விலகினவர் என்று வன்னியில் ஊருக்கு நாலு பேர் இருப்பீர்கள்.

'முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் நாரி நோ' என்ற பயம் எல்லாரிடமும் உண்டு. நான் சொல்லும் ஊசி, சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் நோவைக் குறைக்கப் போடுவது. அது முள்ளந்தண்டுக் குழாய்க்குள் போவதில்லை. 2016இல் முதன்முதலாக வெளிவந்த முறை இது. நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போதே, ஸ்கானில் பார்த்துப் பார்த்து, முள்ளெலும்பின் பக்கக் கொம்பில் ஊசி நுனி தட்டும்வரை இறக்குவார்கள். அந்த எலும்புக்கும் மேலே கிடக்கும் நீட்டுத் தசைக்கும் இடையில் மருந்தை விட்டால், வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் பாய்வதுபோல் மேலும் கீழும் பரவி, முதுகுக்கு வரும் நரம்புகளை விறைக்க வைக்கும். இரண்டு பக்கமும் போடவேண்டும்.

இனி அளவு. இதை ஆறுதலாகவே சொல்லப் போகிறேன். இந்த ஊசியில் விடும் பியூபிவாக்கேன் என்ற விறைப்பு மருந்துக்குப் பாதுகாப்பான எல்லை, உடல் நிறையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவு. 0.25 வீதக் கரைசல் பக்கத்துக்கு 20 மில்லிலீட்டர் என்றால் மொத்தம் 100 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு அது எல்லையிலேயே நிற்கிறது. 40 கிலோ அம்மா ஒருவருக்கு? 80தான், பக்கத்துக்கு 16 மில்லிலீட்டர். ஆகவே 'ஒரு ஐம்பது இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், தராசில் ஏறுங்கள். மருந்து இரத்தத்தில் கூடினால் விழித்திருப்பவருக்கு வாயைச் சுற்றி விறைக்கும், காது இரையும், பிறகு வலிப்பும் வரலாம். மயங்கிக் கிடப்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். இதயத் துடிப்பு குழம்பும்போதுதான் தெரியவரும். அதற்குத்தான், அந்த நஞ்சுக்கு மாற்றாக ஏற்றும் 20 வீதக் கொழுப்புக் கரைசல் தியேட்டரில் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இரவு. காலை 10 மணிக்குப் போட்ட ஊசி, ஏறக்குறைய 8 முதல் 12 மணித்தியாலத்தில் விடும். வாட்டில் விளக்கணைக்கிற நேரத்தில் நோ ஒரேயடியாக ஏறும். நோகவில்லையே என்று பின்னேரம் தந்த பனடோலைத் தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள். நோ ஏறிய பிறகு அடக்க மோர்பின் கூடத் தேவைப்படும். அதோடு சத்தியும் தூக்கமும் மலச்சிக்கலும் வரும். விறைப்பு இருக்கும்போதே குளிசையைப் போடுங்கள்.

இதையும் கேளுங்கள்: இந்த ஊசி முதுகைத்தான் விறைக்க வைக்கும், கால் பலம் குறையக்கூடாது. கால் தூக்க முடியவில்லை, மலவாசலைச் சுற்றி உணர்வில்லை, சலம் போகவில்லை என்றால் 'ஊசி விறைப்புத்தானே, விடியட்டும்' என்று இருக்கவே கூடாது. உள்ளே இரத்தம் கட்டி நரம்பை நெரிக்கலாம். உடனே தாதியைக் கூப்பிடுங்கள், நடுச்சாமமானாலும் கூப்பிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். எழும்புவது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: முதுகை முறுக்காமல் தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கம் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையூன்றி எழும்புங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின், குளோபிடோகிரல் குடிப்பவர்கள் கிளினிக் கொப்பியை முன்கூட்டியே காட்டுங்கள். வணக்கம்.