சாவி கிடைத்த பிள்ளை

(வெள்ளவத்தையில், மேற்கத்தேய இசை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கும்போது யாராவது ஒரு தாய் என்னை நிறுத்துவார். "சேர், மகளுக்கு ஓர்கன் படிப்பிக்கலாமா? என்ன வயதில் தொடங்கலாம்?" என்பார். நான் முதலில் பிள்ளையின் காலைத்தான் பார்ப்பேன். வாங்கில் இருந்தபடி கீழே உள்ள கால்கட்டைகளை எட்ட வேண்டுமே. எட்டும் வரைக்கும் பியானோ படிக்கட்டும். பெரும்பாலும் பதினொரு, பன்னிரண்டு வயதில் கால் எட்டிவிடும்.

நம் ஊரில் கலியாண வீட்டில் வைத்து வாசிக்கும் கீபோர்டையும் ஓர்கன் என்றுதான் சொல்கிறோம். நான் பேச வந்தது குழாய் ஓர்கனைப் பற்றி. காற்றுப் பெட்டியின் மேல் நூற்றுக்கணக்கான குழாய்கள் நிற்கும். பெரிய ஓர்கன்களில் ஆயிரக்கணக்கில் நிற்கும். கட்டையை அமத்தினால் உள்ளே ஒரு சின்னக் கதவு திறந்து காற்று குழாய்க்குள் ஏறும். 8 அடிக் குழாய் தரும் சுரம் பியானோவின் நடுச் சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே இருக்கும். 32 அடிக் குழாய் விநாடிக்கு ஏறத்தாழ 16 தடவைதான் அதிரும். அது காதில் விழுவதை விட நெஞ்சில் தெரியும்.

வீணையில் விரலின் அழுத்தம் நாதத்திலே வந்துவிடும். பியானோவும் அப்படித்தான். ஓர்கனில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் அந்தக் குழாய் ஒரே அளவாகத்தான் ஒலிக்கும். அதனால் இசையின் உணர்ச்சி முழுக்க விரலை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரு சுரத்தை விட்டு அடுத்ததைத் தொடும் முன் எவ்வளவு மௌனம் விட வேண்டும் என்பதை மாதக்கணக்காகப் பழக வேண்டும். பியானோவில் கெட்டிக்காரியான பிள்ளைகூட முதல் ஆறு மாதம் இங்கே தடுமாறும். பெற்றோர் அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

அப்புறம் கால்கள். வழக்கமாக 30 அல்லது 32 கட்டைகள். குனிந்து பார்க்காமல் வாசிக்க வேண்டும். மெல்லிய அடியும் சிறு குதியும் உள்ள சப்பாத்து தேவை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு ட்ரியோ சொனாட்டாக்களில் வலது கைக்கு ஒரு பாட்டு, இடது கைக்கு ஒரு பாட்டு, காலுக்கு இன்னொன்று. தன் மூத்த மகனைப் பழக்குவதற்காக அவற்றை எழுதினார் என்று 1802இல் வந்த அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஒரு தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை உலகமெல்லாம் இன்றும் பரீட்சையில் கேட்கிறார்கள்!

சரி, இதையெல்லாம் எங்கே பழகுவது? இதுதான் நான் இன்று பேச விரும்பிய விஷயம். வயலின் படிக்கும் பிள்ளை வயலினை வீட்டுக்குக் கொண்டுபோகும். ஓர்கன் படிக்கும் பிள்ளைக்கு அது இருக்கும் கோவிலின், அதாவது தேவாலயத்தின், சாவி வேண்டும். எனக்குப் பதினான்கு வயதில் ஒரு கோவிலில் கேட்டேன். "உடைத்துவிடுவாய்" என்றார்கள். மூன்று மாதம் வாசல் வரை போய்த் திரும்பினேன். பிறகு வேறொரு கோவிலின் காவலாளி, மாலை ஜெபத்துக்கு முன் ஒரு மணிநேரம் கதவைத் திறந்துவிட்டார். நான் ஓர்கன் வாசிப்பவனானது அந்த ஒரு மணிநேரத்தால்தான்.

பூட்டி வைத்தால் ஓர்கன் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைப்பது தவறு. கொழும்பின் ஈரக்காற்றில் மரம் ஊதி இறுகிக்கொள்ளும், தோல் கெடும், கறையான் வரும். தினமும் வாசிக்கும் ஓர்கனில் ஒரு கட்டை சிக்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிய ஓர்கனில் பத்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் திருத்தச் செலவு கோவிலால் தாங்க முடியாததாகிவிடும்.

1705இல் பாக்குக்கு 20 வயது. பெயர்பெற்ற ஓர்கன் கலைஞர் புக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்பதற்காக, தான் கோவிலில் ஓர்கன் வாசித்த ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து போனார். நாலு வாரம் லீவு கேட்டுப் போனவர் ஏறத்தாழ நாலு மாதம் தங்கிவிட்டார். வேலை கொடுத்தவர்கள் திட்டினார்கள். பதிவேட்டில் அது இருக்கிறது. இங்கே படித்த பிள்ளையும் ஒரு கட்டத்தில் அப்படிப் புறப்பட்டுத்தான் ஆக வேண்டும். லண்டனில் 1864இல் தொடங்கிய ராயல் கொலேஜ் ஒஃப் ஓர்கனிஸ்ட்ஸின் டிப்ளோமாக்களுக்கு உருப்படிகளை வாசித்தால் மட்டும் போதாது. பார்த்தவுடன் வாசிப்பது, சுருதி மாற்றி வாசிப்பது போன்ற சோதனைகளும் உண்டு. இங்கிலாந்துக் கல்லூரிகளில் ஓர்கன் ஸ்கொலர் என்று மாணவர்களை எடுப்பார்கள். படித்துக்கொண்டே சிற்றாலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசிக்க வேண்டும். பிறகு போட்டிகள். இங்கிலாந்தின் சென் ஓல்பன்ஸ் நகரில் 1963 முதல் நடக்கும் ஓர்கன் போட்டியில் அடுத்த வருடமே வென்ற நியூசிலாந்துக்காரி ஜிலியன் வியர் உலகம் முழுக்க வாசித்தார். ஒலிவியே லாத்ரி 23 வயதில், 1985இல், பாரிஸ் நோத்ரதாமின் ஓர்கன் கலைஞர்களில் ஒருவரானார்.

கச்சேரிக்குப் போகும் ஓர்கன் கலைஞர் கையில் வாத்தியம் கிடையாது. ஊருக்கு ஊர் புது ஓர்கன்: கட்டை வரிசை இங்கே இரண்டு, அங்கே ஐந்து. எந்தக் குழாய்த் தொகுதி எந்தப் பாட்டுக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுத் தெரிவு செய்யவே மணிக்கணக்காகும். பார்வையாளர் போன பிறகு இரவில்தான் அதற்கு இடம் கிடைக்கும். கல் மண்டபத்தில் ஒலி சில விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப வேகத்தையும் மாற்ற வேண்டும். கச்சேரியை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கோவிலில் வாசித்து, படிப்பித்து, இடையில் கச்சேரியும் செய்கிறார்கள். அது குறைவான வாழ்க்கை என்று நான் நினைக்கவில்லை.

2022 மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் 13 மணிநேரம்கூட வெட்டினார்கள். என் மாணவி ஒருத்தி கீர்த்தனையின் நடுவில் இருக்கும்போது கரண்ட் போனது. காற்றூதும் மோட்டார் நின்றது. துருத்தியில் மிச்சமிருந்த காற்றில் சுரம் மெல்லக் கீழே சரிந்து அடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. சபையார் பாட்டை நிறுத்தாமல் பாடி முடிக்கும் வரை, சத்தமில்லாத கட்டைகளில் வாசித்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டேன். "காற்று எப்ப வருமோ தெரியாதே சேர்" என்றாள். அவளுக்கு அன்றைக்கு வயது பதினாறு.

புறக்கோட்டைப் பக்கம் மேட்டில் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் தொடக்கம் இந்த நகரத்தில் பழைய கோவில்கள் பல இருக்கின்றன. இங்கே வந்திருக்கும் சபைப் பெரியவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: கிழமையில் இரண்டு பின்னேரம், ஒரு பிள்ளைக்கு, சாவி. உடைந்தால் திருத்துவதற்கு நானும் வந்து நிற்பேன்.

நான் வாசிக்கும் கோவிலில் அதற்கு அனுமதி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருக்கும். பிள்ளைகள் சுத்தமான சப்பாத்து ஒரு சோடி கையில் கொண்டுவாருங்கள். வீதியில் போட்டு நடந்தது வேண்டாம்.