1954இல் தேவிகுளம் என்ன சொன்னது?

(நவம்பர் 1 அன்று மூணாறில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

1956இல் இதே நவம்பர் 1 அன்று மாநிலங்களை மொழிவழி பிரித்தபோது, தமிழர் நிறைந்த நம் தேவிகுளம் தமிழ்நாட்டோடு சேராமல் கேரளத்தோடு போனது. ஒரு நிலம் கைமாறும்போது அதில் குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கேட்டார்கள். மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர்வோம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்ற 8 பேரின் கணக்கும் ஏட்டில் இருக்கிறது.

அது நாடு மாறிய விஷயம், நம்முடையது மாநிலம் மாறும் விஷயம்தானே என்பீர்கள். சரிதான். ஆனால் தாலுகா ஆபீசில் மனு எழுதும் மொழி, பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு எல்லாம் மாநிலத்தோடுதானே மாறுகின்றன?

நம்மிடம் தனியாக யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. கருத்து தெரியாமல் போய்விடவும் இல்லை. அன்று நாம் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில். அதன் 1954 சட்டமன்றத் தேர்தலில், தமிழர் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களில் வென்றது. ஜூலையில் தடையை மீறி இந்தத் தேவிகுளத்துக்கு வந்த அக்கட்சித் தலைவர் நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இதே கோரிக்கைக்காகப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. இதற்கு மேல் ஒரு ஜனம் எப்படித்தான் வாய் திறந்து சொல்லும்?

1955இல், மாநில எல்லைகளைத் திருத்தியமைக்க அமைத்த பசல் அலி ஆணையத்தின் அறிக்கை வந்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. பொருளாதாரக் காரணங்களும் சொன்னார்கள், அவற்றை நான் தள்ளிவிடவில்லை. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்பதை ஆணையமும் மறுக்கவில்லை. ஆனால் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று சொல்லி அந்தப் பெரும்பான்மையின் எடையைக் குறைத்துவிட்டது. என்னைச் சுடுவது இந்த ஒரு வாதம்தான்.

வந்துபோகிறவர்களாக அவர்களை ஆக்கியது யார்? தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்து வீடு கம்பெனியுடையது. ஒரு அறை, ஒரு அடுக்களை. அதற்குள் தாத்தா முதல் பேரன் வரை. ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளிய அம்மா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் வேலைக்கு இருந்தால்தான் கூரை தங்கும். காலூன்ற ஒரு சென்ட் மண் கொடுக்காமல், கால் ஊன்றவில்லையே என்று குறை சொல்வது என்ன நியாயம்? 2020 ஆகஸ்டில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். பலருடைய பூர்வீகம் தமிழ்நாட்டுக் கயத்தாறு. அவர்களைப் புதைத்தது இங்கே ராஜமலையில். இவர்களா வந்துபோகிறவர்கள்?

எல்லைக்கல்லைப் பிடுங்கி நடச் சொல்லி நான் வரவில்லை. நம் மலையாளச் சகோதரர்களோடு இதே சந்தையில், இதே சங்கத்தில் வாழ்கிறோம், வாழ்வோம். நான் கேட்பது ஒன்றுதான். அன்று ஓட்டுப் போட வயது 21. அப்போது போட்டவர்களுக்கு இன்று 90 தாண்டியிருக்கும். குண்டுமலை, கடலார், லெட்சுமி எஸ்டேட்டுகளில் அப்படி ஒரு பாட்டி, ஒரு தாத்தா இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். கையில் போன் இருக்கிறது, பதிவு செய்யுங்கள். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், எந்த மாநிலம் வேண்டும் என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். கேரளமே போதும் என்று ஒருவர் சொன்னால் அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள்.