அறிவியல் புனைவுத் தொடர்கள் தேய்ந்துதான் போயிருக்கின்றன

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘இன்றைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்கள் வளர்ந்திருக்கின்றனவா, தேய்ந்திருக்கின்றனவா?’ என்பது தலைப்பு. தேய்ந்திருக்கின்றன என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் கிராஃபிக்ஸைச் சொன்னார், பட்ஜெட்டைச் சொன்னார், சினிமாத் தரத்தில் விண்கலம் வீட்டுக்குள்ளேயே பறக்கிறது என்றார். உண்மைதான். நான் கேட்பது வேறு: எடுத்துக்கொண்ட கருத்தை நின்று நிதானமாக ஆராய இந்தத் தொடர்களுக்கு இன்று அவகாசம் கிடைக்கிறதா?

‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987-இல் தொடங்கியது. முதல் சீசன் தடுமாறியது. தீவிர ரசிகர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். 30 எபிசோடுகளுக்கு மேல் ஓடிய பிறகு, 1989 பிப்ரவரியில் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ என்ற எபிசோடு வந்தது. டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்துப் போட்டு ஆராய வேண்டும் என்கிறார் ஒரு விஞ்ஞானி. டேட்டா மறுக்கிறான். மறுக்க அவனுக்கு உரிமை உண்டா, அல்லது அவன் விண்படையின் உடைமையா? விசாரணை நடக்கிறது. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வழக்கறிஞராக இருந்தவர். போர் இல்லை, வெடிச்சத்தம் இல்லை. கூடப் பணிபுரியும் ரைக்கரே எதிர்த்து வாதாட வேண்டிய கட்டாயம். வாதத்தின் நடுவே அவர் டேட்டாவின் விசையை அணைக்கும்போது நமக்குப் பதறுகிறதே, ஏன்? அத்தனை வாரம் அவனோடு பழகியிருக்கிறோம்! செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று ஊரே கேட்கும் கேள்வியை அன்றே நெஞ்சில் தைத்த அந்த எபிசோடு, இன்றைய கணக்குப்படி எழுதப்பட்டே இருக்காது. எட்டு எபிசோடு பார்த்துவிட்டுத் தொடரையே மூடியிருப்பார்கள்.

மிகையாகச் சொல்லவில்லை. ‘டார்க்’ என்ற அற்புதமான ஜெர்மன் தொடரை மூன்று சீசன்களில் நேர்த்தியாக முடித்தவர்கள், அடுத்து ‘1899’ எடுத்தார்கள். அதையும் மூன்று சீசன்களாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் எட்டு எபிசோடுகள் வந்தன. 2023 ஜனவரி பிறந்ததும் ரத்து என்று அறிவிப்பு. எச்.பி.ஓ.வின் ‘வெஸ்ட்வேர்ல்டு’ நான்கு சீசனோடு நின்றது. நின்ற அடுத்த மாதமே எச்.பி.ஓ. மேக்ஸ் தளத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சொந்த வீட்டிலேயே இடமில்லை!

ரசிகர்கள் போராடினால் காப்பாற்றலாமே என்றார் நண்பர். ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரை 2018-இல் அப்படித்தான் அமேசான் மீட்டது. அந்த வெற்றியைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் ஒன்பது நாவல்கள் கொண்ட கதை ஆறாவது நாவலோடு நின்றது. கடைசி சீசனுக்குக் கிடைத்தவை ஆறே எபிசோடுகள். லக்கோனியா கோளில் தொடங்கிய இழை அந்தரத்தில் தொங்குகிறது.

சரி, ரத்தாகாத தொடர்களின் கதி? ‘செவரன்ஸ்’ அருமையான தொடர், அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் இரண்டாக வெட்டிப் பார்க்கும் துணிச்சல் அதற்கு உண்டு. முதல் சீசன் முடிந்தது 2022 ஏப்ரல். இரண்டாவது தொடங்கியது 2025 ஜனவரி. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ 2016 முதல் 2025 வரை கொடுத்தது 42 எபிசோடுகள். 1960-களில் வந்த முதல் ‘ஸ்டார் டிரெக்’ மூன்றே ஆண்டில் 79 கொடுத்தது. அவற்றில் சில சொத்தைதான், ஒப்புக்கொள்கிறேன். சொத்தையாகவும் வர இடம் இருந்ததால்தானே புதிதாக எதையாவது முயன்று பார்த்தார்கள்?

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் வந்த ‘ஆண்டோர்’ தொடர் முழுமையாக முடிந்ததே என்று எதிரணி கேட்கும். முடிந்தது, மிகச் சிறப்பாக. ஆனால் ஐந்து சீசன்களாக எண்ணியதை, இந்த வேகத்தில் எடுத்தால் கட்டுப்படியாகாது என்று இரண்டாகச் சுருக்கித்தான் முடித்தார்கள். அது எங்கள் அணிக்குத்தான் சாட்சி.

நடுவர் அவர்களே, பழைய தொலைக்காட்சிக்கு நிறைய எபிசோடுகள் இருந்தால் மறுஒளிபரப்பு வருமானம் உண்டு. நீண்டு ஓடுவதில் லாபம் இருந்தது. ஓடிடி தளத்துக்கோ புதுச் சந்தாதாரர் வேண்டும், அவரை இழுக்கப் புதுப்பெயர் வேண்டும். நான்காவது சீசன் செலவுக் கணக்கில் போய்விடுகிறது. தேய்மானத்துக்குக் காரணம் எழுத்தாளர்களின் திறமைக் குறைவு அல்ல, இந்தக் கணக்கு.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளரிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். ‘1899’ கப்பலில் ஏறிய அந்தப் பயணிகளுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று? எந்தத் தளத்தில், எந்தச் சீசனில் பார்க்கலாம்? அதைச் சொல்லிவிட்டு வளர்ச்சியைப் பற்றிப் பேசட்டும். நன்றி.